ருசி பார்க்க ஒரு வாய்

முதலில் வாசனைதான் வந்தது. கல்யாண வீட்டில் ஆட்டுக்கறி வேகும் நேரம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேநீர்த் தட்டின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அஸ்ஸூகூட மூக்கை உறிஞ்சிவிட்டு, "எவன்டா அவன், கறியைக் கருக்குறது? அடுப்பைப் பாருங்கடா!" என்று சமையல்காரர்கள் பக்கம் சத்தம் போட்டான். எதிரே உட்கார்ந்திருந்த பெண்வீட்டுக்காரர் ஒருவர்தான் முதலில் பார்த்து அலறினார்.

"அஸ்ஸூ! கறி இல்லடா, உன் காலு! உன் காலுடா!"

குனிந்து பார்த்தான். கரி அடுப்பிலிருந்து நழுவிய வாதுமை அளவு கங்கு ஒன்று, அவனுடைய வலது காலின் சுண்டுவிரலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுற்றிலும் தோல் சுருங்கிக் கறுத்திருந்தது. மெல்லப் புகைந்தது. வலி மட்டும் இல்லை. கொசு கடித்த வலிகூட இல்லை.

கரண்டிக் காம்பால் கங்கைத் தட்டிவிட்டான். சுற்றி இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இருபத்தெட்டு வருஷமா டாக்ஸி மிதிச்ச காலு. தோலு மாட்டுத்தோலா ஆயிடுச்சு, உங்களை மாதிரி பஞ்சுக் காலா இது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த கோப்பையை ஊற்றும்போது தேநீர் கோப்பைக்கு வெளியே சிந்தியது. அஸ்ஸூ தேநீர் சிந்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் கெனிஃப்ராவில் கல்யாணம் நிச்சயமானால் மாப்பிள்ளை யார் என்று கேட்பதற்கு முன் தேநீர்த் தட்டில் யார் உட்காரப் போவது என்று கேட்பார்கள். அஸ்ஸூ என்றால் சரி. மற்றபடி அவன் மெக்னெஸுக்கு ஆறு பயணிகளை அடைத்துக்கொண்டு போகும் பெரிய டாக்ஸி ஓட்டுகிறவன், ஐம்பத்துநான்கு வயது, இட்டோவின் புருஷன், பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். ஆனால் நீலக் காகிதம் சுற்றிய சீனிக்கூம்பை மடியில் வைத்துப் பித்தளைச் சுத்தியலால் ஒரே தட்டில் பிளப்பானே, அப்போது அவன் டாக்ஸிக்காரன் இல்லை, ராஜா. கெண்டியில் தேயிலையும் புதினாவும் அடைத்து, சீனியைப் போட்டு, கங்கில் வைத்துக் கொதிக்கவிட்டு, ஒரு கோப்பை ஊற்றி, ஒரு வாய் ருசி பார்த்து, மீதியைத் திரும்பக் கெண்டிக்குள் கொட்டி, மறுபடி ஊற்றி, மறுபடி ஒரு வாய். மூன்றாவது வாயில் தலையை ஆட்டினால்தான் விருந்தாளிக்குப் போகும். ருசி பார்க்காமல் ஊற்றுகிறவனை நம் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

இவ்வளவு பேர் வாங்கியவனை ஒருத்தன் ஒரு தடவை சபையில் வைத்துக் கேலி செய்துவிட்டான். அவன் ஹத்து. அஸ்ஸூவோடு அதே டாக்ஸி நிலையத்தில் ஓட்டுகிறவன், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் கோப்பையை உதட்டில் வைத்துவிட்டு, "என்னடா அஸ்ஸூ, மாப்பிள்ளை வீட்டுல சீனிக்குப் பஞ்சமா? ஆஸ்பத்திரிக் கஷாயம் மாதிரி இருக்கு!" என்றான். சபையே சிரித்தது. அன்றோடு பேச்சு முடிந்தது. ஒரே வரிசையில் கார் நிறுத்துவார்கள், ஸலாம்கூட கிடையாது. அன்றிலிருந்து அஸ்ஸூ கெண்டிக்கு ஒரு கைப்பிடிச் சீனி கூடவே போட்டான். இனி எவன் வாயிலும் அந்தச் சொல் வரக்கூடாது என்ற வைராக்கியம்.

வைராக்கியம் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. நாற்பத்தைந்து வயதுவரை ஒட்டடைக்குச்சியாக இருந்தவன், ஐம்பதில் வயிறு ஸ்டியரிங்கைத் தொட உட்கார்ந்தான். வளமான உடம்பு என்று எல்லோரும் கண்ணேறு கழித்தார்கள். அப்புறம் சென்ற வருஷம் அந்த வயிறு தானாகவே இறங்கத் தொடங்கியது. சாப்பாடு குறையவில்லை, இன்னும் சொல்லப்போனால் கூடியிருந்தது. தாகம் வேறு. மெக்னெஸ் போவதற்குள் மூன்று தடவை சாலை ஓரம் நிறுத்தி இறங்குவான், பயணிகள், "இந்தக் காருக்கு டீசல் கசியுதா, டிரைவருக்குக் கசியுதா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். நிலையத்தில், "மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டே அஸ்ஸூ, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோ," என்றார்கள். மெலிந்ததைப் பாராட்டினார்கள். பாழாய்ப் போன பாராட்டு! அவனுக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தான்.

ஏன் என்றால் அவன் ராப்ஹா அக்காவைப் பார்த்தவன். அவன் சொந்த அக்கா, சீனி வியாதியில் போனவள். முதலில் ஒரு விரல். அப்புறம் பாதம். அப்புறம் முழங்கால். அப்புறம் அடுத்த கால். நாலு வருஷத்தில் அவளைத் துண்டு துண்டாக அடக்கம் பண்ணினார்கள். கடைசியில் அவன்தான் அவளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவான். எடையே இருக்காது. அந்த எடையில்லாமை அவன் கையிலேயே தங்கிவிட்டது.

கல்யாண வீட்டிலிருந்து வந்ததும் புண்ணைக் கழுவி, காலுறையை மாட்டிக்கொண்டான். இட்டோவிடம் சொல்லவில்லை. எட்டு நாள் காலுறையோடு தூங்கினான், காலுறையோடு தொழுகைக்குக் கால் கழுவுவது போல நடித்தான். ஒன்பதாம் நாள் துணி துவைக்கப் போன இட்டோ ஒரு காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க இது? எந்தப் புண்ணுல இருந்து வந்துச்சு இந்தச் சீழு?"

"ஒண்ணும் இல்ல. ஷூ கடிச்சுது."

"ஷூ கடிச்சா இப்படியா நாறும்? என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க பார்ப்போம்!"

அவன் சத்தியம் பண்ணவில்லை. அவள் ஜெல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

அங்கே நர்ஸ் நுஸ்ஹா. அவனுடைய பழைய நண்பரின் மகள். அதனால் அவனைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தினாள். மறுபடி பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றான் அஸ்ஸூ.

"லிட்டருக்கு மூணு கிராம் எண்பது. வெறும் வயித்துல ஒரு கிராமுக்குள்ள இருக்கணும், சித்தப்பா."

"மூணு கிராம்தானே? அது ஒரு சிட்டிகை. இதுக்கா இந்த மூஞ்சி?"

நுஸ்ஹா மேசையில் இருந்த சின்னக் கரண்டியை எடுத்துக் காட்டினாள். "நல்லா இருக்கிற ஒரு மனுஷனோட உடம்பு பூரா ஓடுற ரத்தத்துல மொத்தமா இருக்கிற சீனி இந்த ஒரு கரண்டிதான். ஒரே ஒரு கரண்டி. நம்ம ஊரு தேத்தண்ணி ஒரு கோப்பையில மூணு, நாலு கரண்டி இருக்கு. குடிச்ச உடனே தண்ணியோட தண்ணியா ரத்தத்துல போய் விழுது. வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு. அது இன்சுலின்னு ஒரு சுரப்பை விட்டு, அந்தச் சீனியை ரத்தத்துல இருந்து தசைக்குள்ள தள்ளும். தள்ளி முடிக்கிறதுக்குள்ள நீங்க அடுத்த கோப்பை."

"எல்லாரும்தான் குடிக்கிறாங்க."

"எல்லாருக்கும் வரலை, சரிதான். உங்க குடும்ப ரத்தத்துலயே இருக்கு. போதாததுக்கு நாள் பூரா உக்கார்ந்து ஓட்டுற வேலை. மிஞ்சின சீனியைக் கல்லீரல் கொழுப்பா மாத்தி வயித்துல கட்டி வெச்சுது. கொழுப்பு ஏறின உடம்பு இன்சுலின் சொல்றதைக் கேக்காது. கேக்கலைன்னு கணையம் இன்னும் கத்தும், இன்னும் சுரக்கும். கத்திக் கத்தி இப்ப ஓய்ஞ்சு போச்சு. சீனி ரத்தத்துலயே நிக்குது, உடம்புக்குள்ள போகலை. ரத்தம் பூரா சாப்பாட்டை வெச்சுக்கிட்டு உடம்பு பட்டினி கிடக்குது. அதான் மெலிஞ்சீங்க. தேங்கி நிக்கிற சீனி முதல்ல நரம்பைத்தான் சாகடிக்கும். அதான் கங்கு சுட்டது தெரியலை."

இட்டோ முக்காட்டுத் துணியை வாயில் அழுத்திக்கொண்டாள். அஸ்ஸூ தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்துநான்கு வருஷமாகத் தன்னுடையது என்று நினைத்த கால். இப்போது யாரோ ஒருத்தருடைய கால் தன் உடம்பில் மாட்டியிருப்பது போல இருந்தது.

"மகளே, ராப்ஹா அக்கா மாதிரி ஆயிடுமா?"

நுஸ்ஹா பொய் சொல்கிற பெண் இல்லை. "இப்ப காப்பாத்தலாம். ஊசி போடணும். சீனியைத் தொடவே கூடாது. நடக்கக் கூடாது, ஓட்டக் கூடாது. சீனி இறங்கினாத்தான் புண்ணு ஆறும்," என்றாள்.

அஸ்ஸூ அன்று வீட்டுக்கு வந்து எடுத்த சபதம் லேசானது இல்லை. தேன் போச்சு, பேரீச்சம்பழம் போச்சு, பலகாரம் போச்சு. வெள்ளை ரொட்டிக்குப் பதில் பார்லி ரொட்டி, அதுவும் கால் துண்டு. இட்டோ காலையும் மாலையும் ஊசி போட்டாள். தேநீர்? ஒரு கோப்பைகூட இல்லை. தேநீர் இல்லாத அஸ்ஸூவைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கண்ணீர் விட்டார்கள்.

கண்ணீர் விட்டதோடு நின்றிருந்தால் தேவலை. நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையில் என்ன கொண்டுவருவார்? கல்யாணத்துக்கும் சீனிக்கூம்பு, பிள்ளை பிறந்தாலும் சீனிக்கூம்பு, சாவுக்கும் சீனிக்கூம்பு. சீனி வியாதிக்காரனுக்கு மட்டும் வேறென்ன? ஒவ்வொருவராக வந்தார்கள், கக்கத்தில் நீலக் காகிதப் பொட்டலத்தோடு. இரண்டு கிலோ எடையுள்ள கூம்பு. "அல்லாஹ் சீக்கிரம் சொஸ்தப்படுத்துவான், இந்தா," என்று நீட்டினார்கள். மறுப்பதற்கு இல்லை, மறுத்தால் அவர்கள் வேண்டுதலையே மறுத்த மாதிரி. முதல் வாரத்தில் பதினேழு. இட்டோ அலமாரியில் அடுக்கினாள், அலமாரி நிறைந்து கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். அஸ்ஸூ முப்பத்துநாலு கிலோ சீனிக்கு மேல் படுத்துக்கொண்டு சீனி இறங்கக் காத்திருந்தான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, அப்போது அது எங்கள் யார் கண்ணுக்கும் தப்பாகவே படவில்லை.

வந்தவர்களுக்குத் தேநீர் தராமல் அனுப்ப முடியுமா? அஸ்ஸூ வீட்டிலா? இட்டோ தட்டை எடுத்தால், "என்னம்மா, மனுஷன் உயிரோட இருக்கும்போதே நீ தட்டுல உக்காருறே?" என்றார்கள். அவனுக்கும் ஆசைதான். கால் போர்வைக்குள் இருந்தாலும் கை நன்றாகத்தானே இருந்தது. கட்டில் பக்கத்தில் அடுப்பை வைக்கச் சொல்லி அவனே போட்டான். வந்தவர்களுக்கு ஊற்றினான். தன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். எல்லோரும் அவனுடைய மனவுறுதியைப் பார்த்து வியந்தார்கள்.

இரண்டாவது வாரம் எண் நாலு கிராம் பத்து.

மூன்றாவது வாரம் சுண்டுவிரல் கறுத்தது. பக்கத்து விரலும் அதைப் பார்த்து நிறம் மாறத் தொடங்கியது. தினமும் காலையில் கட்டைப் பிரிக்கும்போது இட்டோவின் முகத்தைத்தான் பார்ப்பான், காலைப் பார்க்க மாட்டான். அவள் முகத்தில் என்ன தெரியும் என்ற பயத்தில் விடியும் முன்பே விழித்துக் கிடப்பான். ஒரு நாள் அவள் எழுந்துபோய்ச் சமையலறையில் அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். அவனுக்குக் கேட்டது.

"நீங்க எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க," என்றாள் நுஸ்ஹா.

"வல்லாஹி இல்ல, மகளே! ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சேன்னா என் கண்ணு அவிஞ்சு போகட்டும். இட்டோவைக் கேளு."

"ஒரு கோப்பை குடிக்கலை. நான் சாட்சி," என்றாள் இட்டோ.

மருந்துதான் கெட்டுவிட்டதோ என்று பார்க்க நுஸ்ஹா மறுநாள் வீட்டுக்கே வந்தாள். வந்தவள் வாசலில் தயங்கினாள். அவள் கக்கத்திலும் நீலக் காகிதப் பொட்டலம். "எங்கம்மா வெறுங்கையோட விட மாட்டேன்னுட்டாங்க," என்று முகம் சிவந்து, அதைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். குளிர்பெட்டியில் மருந்து நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அஸ்ஸூ கெண்டியை ஏற்றினான். நுஸ்ஹா மூலையில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊற்றினான், ஒரு வாய். திரும்பக் கொட்டினான். ஊற்றினான், ஒரு வாய். கொட்டினான்.

"சித்தப்பா!" அவள் எழுந்தே விட்டாள். "என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? ருசி பார்க்கிறேன்."

"குடிக்கிறீங்க!"

"போ மகளே, இது குடிக்கிறதா? ருசி பார்க்கிறது. ருசி பார்க்காம எப்படி ஊத்துறது?"

"ஒரு நாளைக்கு எத்தனை கெண்டி?"

அவன் இட்டோவைப் பார்த்தான். இட்டோ விரல் விட்டு எண்ணினாள். "பத்து... நேத்து பதினாலு."

"கெண்டிக்கு மூணு வாய். ஒரு வாய்ல ஒரு கரண்டி சீனி. நேத்து மட்டும் நாப்பத்திரண்டு கரண்டி, சித்தப்பா. நாப்பத்திரண்டு!"

அஸ்ஸூவின் கையில் இருந்த கோப்பை தட்டில் விழுந்தது. அவன் ஏமாற்றவில்லை. அதுதான் கொடுமை. ருசி பார்ப்பது குடிப்பதில் சேராது என்று அவன் மனதார நம்பினான். அவன் மட்டும் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு விருந்தாளிகளும் நம்பினார்கள், ஒரு கோப்பை குடிக்கவில்லை என்று சாட்சி சொன்ன இட்டோவும் நம்பினாள். நுஸ்ஹா அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "நானாவது கேட்டிருக்கணும். நானும் இந்த ஊருல பிறந்தவதானே, கேக்கத் தோணலையே," என்றாள்.

திங்கட்கிழமை மெக்னெஸில் அறுவை மருத்துவர் காலைப் பார்த்தார். நீட்டி முழக்கவில்லை. "இந்த ரெண்டு விரலும் செத்துடுச்சு, எடுத்தே ஆகணும். வியாழக்கிழமை வாங்க. அதுக்குள்ள சீனி ரெண்டு கிராமுக்குக் கீழ வந்து, கிருமியும் அடங்கினா விரலோட போகும். இல்லைன்னா கணுக்காலுக்கு மேல வெட்ட வேண்டி வரும்," என்றார். வெட்டும் இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அஸ்ஸூவுக்குப் பேனா தொட்டது தெரியவில்லை.

மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவன் மனுஷனாக இல்லை. ரொட்டியைக் கையில் எடுத்தால் பயம். பழத்தைப் பார்த்தால் பயம். எச்சில் இனிக்கிறதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. ஊசிக்கு நேரம் ஆகிவிட்டதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டு இட்டோவைப் படுத்தினான். தட்டையும் சுத்தியலையும் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னான். இட்டோ வாசலில் நின்று, "தூங்குறார், தூங்குறார்," என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். புதன்கிழமை காலை எண் இரண்டு கிராம் முப்பது. இறங்குகிறது! இன்னும் ஒரு நாள்.

அன்று மதியம்தான் ஹத்து வந்தான்.

கூட இரண்டு பெரியவர்கள், கையில் இரண்டு சீனிக்கூம்பு. ஒன்பது வருஷப் பகையை முடிக்க வருகிறவனைத் தூங்குகிறார் என்று சொல்லித் திருப்ப முடியுமா? இட்டோ வழிவிட்டாள். ஹத்து கனத்த உடம்போடு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

"அஸ்ஸூ, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உன் தேத்தண்ணி மாதிரி இந்த ஊருல ஒருத்தனும் போட்டதில்ல. வாய்க்கொழுப்பு, சொல்லிட்டேன். மன்னிச்சுடு," என்றான்.

அஸ்ஸூவுக்குக் கண் கலங்கியது. "எப்பவோ மன்னிச்சுட்டேன்டா. நீதான் வரலை."

"அப்புறம் என்ன! தட்டைக் கொண்டுவாம்மா," என்றார் பெரியவர்களில் ஒருவர். ஒரே கெண்டியில் இருந்து இருவரும் குடித்தால்தான் சமாதானம். குடிக்காவிட்டால் மன்னிப்பு வாயளவுதான், மனசில் இல்லை என்று அர்த்தம். நூறு வருஷமாக அப்படித்தான். இட்டோ அஸ்ஸூவைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான். வேறு வழி தெரியாமல் அவளே போட்டுக் கொண்டுவந்தாள். பெரியவர் இரண்டு கோப்பை ஊற்றி, ஒன்றை ஹத்துவின் கையிலும் ஒன்றை அஸ்ஸூவின் கையிலும் கொடுத்தார். "பிஸ்மில்லாஹ் சொல்லுங்க."

ஹத்து ஒரே மடக்கில் குடித்தான். அஸ்ஸூ கோப்பையை உதடு வரைக்கும் கொண்டுபோனான். புதினா வாசனை முகத்தில் அடித்தது.

"என்னால முடியாது," என்றான்.

"ஒரு வாய்தானேப்பா, ருசி பார்க்கிற மாதிரி. சமாதானத்துக்காக."

"அந்த ஒரு வாய்தான்! மூணு வாரமா ஒரு வாய், ஒரு வாய்னுதான் ரெண்டு விரல் போச்சு!" அஸ்ஸூ கோப்பையைக் கீழே வைத்தான். "எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு என் காலை எந்த இடத்துல வெட்டுவாங்கன்னு தெரியலை. ராப்ஹா அக்காவை இந்தக் கையிலதான் தூக்கினேன். ஹத்து, உன்னை மன்னிச்சுட்டேன், சத்தியமா மன்னிச்சுட்டேன். ஆனா குடிக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்குடா."

ஆண்கள் நடுவில் உட்கார்ந்து ஓர் ஆண் பயமாக இருக்கிறது என்று சொல்லி அந்தப் பெரியவர்கள் கேட்டதில்லை. "ஆம்பளை பேசுற பேச்சா இது? வீடு தேடி வந்தவனை இப்படியா அவமானப்படுத்துறது? எழுந்திரு ஹத்து, போகலாம்," என்று மூத்தவர் எழுந்துவிட்டார்.

ஹத்து எழுந்திருக்கவில்லை. கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி ஆரம்பிச்சுது?" என்று கேட்டான்.

"கங்கு சுட்டுது. தெரியலை."

"வலியே இல்லையா?"

"வலிச்சிருந்தா அன்னைக்கே பார்த்திருப்பேனே."

ஹத்து மெல்லக் குனிந்து தன் வலது காலுறையைப் பிடித்து இழுத்தான். பாதி வந்து, அப்புறம் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. இட்டோ வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாள். துணி விட்டு வந்தபோது அறையில் இருந்த எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பெருவிரலில் தொடங்கிப் பாதத்தின் பாதிவரை கறுப்பு. அதற்கு மேல் சிவப்பு, கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது.

"ஷூவுக்குள்ள ஆணி இருந்திருக்கு. எத்தனை நாள் அதை மாட்டிக்கிட்டு நடந்தேன்னு எனக்கே தெரியாது. பார்த்தப்புறம் யார்கிட்டயும் சொல்லலை. காரை விட்டு இறக்கிடுவாங்களேன்னு பயம். உன் சேதி கேட்டதுல இருந்து தூக்கமே இல்ல. உன்னைப் பார்க்கணும், இப்படித்தான் இருக்குமான்னு கேக்கணும்னுதான் வந்தேன்," என்றான் ஹத்து.

"இப்பவும் ஓட்டிக்கிட்டா இருக்கே?"

"நேத்துகூட மெக்னெஸ் போய் வந்தேன். பிரேக்கு மேல காலு இருக்கா இல்லையான்னு குனிஞ்சு பார்த்துத்தான்டா மிதிக்கிறேன்."

எழுந்து நின்ற பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதம் முன்புதான் அவர் மகள் பிள்ளைகளோடு அந்தக் காரில் போனாள்.

"இட்டோ! நுஸ்ஹாவைக் கூப்பிடு! நாளைக்கு இல்ல, இப்பவே போகணும்!" என்று அஸ்ஸூ கத்தினான். சாயங்காலத்துக்குள் இன்னொரு டாக்ஸியின் பின்சீட்டில் இரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு மெக்னெஸ் போனார்கள். வழி நெடுக ஹத்துவுக்குக் குளிர் நடுக்கம். அஸ்ஸூ தன் ஜெல்லாபாவைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினான். ஒன்பது வருஷம் பேசாததை எல்லாம் பேசியிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை அஸ்ஸூவின் எண் ஒரு கிராம் எண்பது. வெட்டு இரண்டு விரல்களோடு நின்றது. மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "குதிகால் இருக்கா?" என்பதுதான். இட்டோ அவன் கையை எடுத்துக் குதிகாலில் வைத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு வெட்கம் இல்லாமல் அழுதான். ஹத்துவை அதற்கு முன்பே அறுவை அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை அஸ்ஸூ ஊன்றுகோலை ஊன்றி அடுத்த அறைக்குப் போனான். ஹத்து அப்போதுதான் கண் விழித்திருந்தான். காய்ச்சல் இறங்கி முகம் தெளிந்திருந்தது.

"வாடா. டாக்டர் வந்து ஏதோ சொன்னார், அரை மயக்கத்துல காதுல விழலை. என் காலு இருக்கா பாரு."

"நீயே பாரேன்டா."

"பயமா இருக்கு. நீ பாரு."

அஸ்ஸூ போர்வையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டிய தேவையும் இல்லை. இடது பாதம் இருக்கும் இடத்தில் போர்வை மேடாக எழும்பியிருந்தது. வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே படுக்கையோடு படிந்து கிடந்தது.

ஹத்துவோ கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "எனக்கு நம்பிக்கை இருக்குடா. அஞ்சு வருஷமா மரத்துக் கிடந்த காலு, இப்பத்தான் தெரியுது. பெருவிரல் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. இப்ப ஆட்டுறேன் பாரு. ஆடுதா? வலிக்குதுன்னா உயிரோட இருக்குன்னுதானேடா அர்த்தம்?"

அஸ்ஸூ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். ஹத்து ஆடுதா, ஆடுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.